நாலு விரல் கீழே

காலையில் டீ தம்ளரோடு மேசைக்கு வந்த குணசீலன் நின்றுவிட்டான். புது மானிட்டர் நாலு விரல் கீழே இறங்கியிருந்தது.

ஸ்டாண்டு தளர்ந்திருக்கும் என்று மேலே தூக்கினான். உள்ளேயிருந்த ஸ்பிரிங் மூச்சு விடுவதுபோல மெல்லச் சீறியது. மறுபடி இறக்க, இரண்டு கையும் போட்டு அழுத்தவேண்டியிருந்தது. தானாக இறங்குகிற சாமான் இல்லை அது.

முந்தாநாள்தான் ஒடுகத்தூரில் வாங்கினான். கடைக்காரர் கோவிந்தன் நிதானமாகக் கேட்டார்.

"கேமுக்கு மட்டுந்தானா, வூட்டு வேலைக்கும் சேத்தா?"

"ரெண்டுக்கும்."

"அப்போ இந்த இருபத்தேழு இன்ச்சு எடுத்துக்கங்க. நூத்தி நாப்பத்தினாலு ஹெர்ட்ஸ், எவ்ளோ வேகமா ஓடுனாலும் படம் திக்காது. எழுத்தும் கண்ண உறுத்தாது. வூட்ல எத்தினி பேரு பாப்பீங்க?"

"ரெண்டு பேரு." வாயில் வந்துவிட்டது.

"அப்போ ஏத்தி எறக்குற ஸ்டாண்டு வச்சதே நல்லதுங்க."

அவன் மனைவி தேவி தேர்ந்தெடுத்து வைத்திருந்ததும் அதேதான். காவலூரில் அவர்கள் வீட்டிலிருந்த ஒரே கம்ப்யூட்டரில் பகலெல்லாம் அவள் ஊர்க்காரர்களுக்குப் பட்டா விண்ணப்பமும் சான்றிதழ் விண்ணப்பமும் நிரப்பித் தருவாள். சாயங்காலம் அவன் விளையாடுவான். "நீ பனமர ஒசரம் மாமா, நான் குள்ளம். ஏத்தி எறக்குறதா பாத்து வாங்கு, கழுத்து வலி தாங்கல" என்பாள், ஏழு மாத வயிற்றின்மேல் கீபோர்டை வைத்துக்கொண்டு. ஆடி மழையில் அவளுக்குத் திடீரென வலி எடுத்தது. மலைப்பாதையில் மரம் விழுந்து கிடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஜீப்புக்குள்ளேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

நாலு விரல் கீழே என்றால் அவள் கண்மட்டம்.

அவனுக்குப் பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. திரையை அப்படியே விட்டுவிட்டு அன்று முழுக்கக் கழுத்தை வளைத்தே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை திரை அடிவரைக்கும் இறங்கிக் கிடந்தது. அதற்குக் கீழே ஸ்டாண்டு போகாது. அதன் முகமும் தரையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

செங்கத்தில் இருக்கும் அக்கா கலைவாணிக்குப் போன் செய்தான்.

"தேவி வந்திருக்காக்கா. திரைய அடிவரைக்கும் எறக்கி வச்சிருக்கா."

"இன்னாடா சொல்ற? அவ கண்ணு அவ்ளோ கீழயா இருக்கும்? மேசைக்கும் கீழ இருந்து யார்ரா பாப்பாங்க? வூட்ட பூட்டிட்டு இங்க வந்துடு."

அவன் போனை வைத்துவிட்டான். செங்கத்துக்குப் போகவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மேகம் மலைமேல் இறங்கி, ஜன்னலுக்கு வெளியே புளியமரம் இருந்த இடம் வெறும் வெள்ளையாகி, நனைந்த மண்ணின் வாசனையும் தெர்மாகோல் பெட்டியின் புது வாசனையும் கலந்து வீடெங்கும் நின்றது. அடுப்பில் சோறு கொதிக்கிற சத்தத்துக்கு நடுவே, சிமெண்டுத் தரையில் ஒயர் இழுபடுகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. அடுப்பை அணைத்தான். சத்தமும் நின்றது.

மானிட்டர் தரையில் இருந்தது. சுவரில் சாய்ந்து. குப்புறப் படுத்திருக்கும் பிள்ளைக்குத் தெரிகிற மாதிரி.

திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. காலையிலிருந்தே கரண்டு இல்லை.

மண்டியிட்டான். திரையின் கீழ் ஓரத்தில் ஈரம். அதில் அரிசி மணி அளவுக்கு ஐந்து விரல் தடங்கள். லுங்கி முனையால் துடைத்தான். போகவில்லை. அழுத்தித் துடைத்தான்.

தடம் உள்பக்கம் இருந்தது.

விரல்கள் அசைந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரு பெரிய உள்ளங்கை வந்து பதிந்தது. கட்டைவிரலில் அரிவாள்மணை வெட்டிய தழும்பு. தேவியின் கை. அவள் பிள்ளையைப் பிடித்து இழுக்கவில்லை. தள்ளினாள். மெதுவாக. அவன் பக்கம்.

திரை உப்பியது.

"தேவி... வேணாம்மா."

சொல்லும்போதே அவன் கைகள் நீண்டிருந்தன.

கனம். ஈரம். ஐஸ் போலக் குளிர்.

பிள்ளை அழவில்லை. கண் திறக்கவில்லை. தலையைத் திருப்பி அவன் மார்பில் வாயால் தேடியது. பல்லில்லாத வாய். கிடைத்ததும் பிடித்துக்கொண்டது. உறிஞ்சியது.

அவன் பிடுங்கி எறியவில்லை. கழுத்து மடங்காமல் பின்தலையை ஏந்திக்கொண்டான். லேசாக ஆட்டவும் செய்தான்.

சட்டை கொஞ்சங்கொஞ்சமாகச் சிவந்துகொண்டு வந்தது.