செல்லையா கூட்டி வந்தவர்கள்

கரி போட்டு ஓடும் லாரி அது. தாப்பாவிலிருந்து மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கி நின்றது. நிற்கும்போதெல்லாம் டிரைவர் சுப்பிரமணியம் இறங்கிப் போய் அடுப்பைக் கிளறிவிட்டு வந்தார். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த ஐவி, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அப்பா தோமஸ் தாப்பா ரோடு ஸ்டேஷனில் தண்டவாளம் பார்க்கிற வேலையில் இருந்தவர். ஜப்பான்காரன் வந்த பிறகு ரயில் வேலை தெரிந்த ஆட்களைத்தான் முதலில் பிடித்தான். சயாமில் புது ரயில் பாதை போடுகிறோம், கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு சேதியும் இல்லை. செத்தவராக நினைத்து மாதா கோயிலில் பூசை வைக்கவும் மனம் வராமல், உயிரோடிருப்பவராக நினைத்துக் காத்திருக்கவும் முடியாமல், அம்மா கத்தரீன் பாதியாக இளைத்துவிட்டாள்.

போன வாரம் சுப்பிரமணியம்தான் வந்து சொன்னார். மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், செல்லையா என்கிறவன் சயாமிலிருந்து தப்பி வந்திருக்கிறானாம். தோமஸும் அவனும் ஒரே கொட்டகையில் கிடந்தவர்களாம். செல்லையாவின் பெண்சாதி வேலாயி சொல்லி அனுப்பியிருந்தாள். தோமஸ் வீட்டு ஆள் யாராவது நேரில் வர வேண்டும் என்று.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது உச்சிப் பொழுதுதான். ஆனால் மூடுபனி இறங்கி, விடியாத காலைப் பொழுது போல இருந்தது. தேயிலைச் செடிகளைப் பாதிக்குமேல் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டிருந்தார்கள். வெள்ளைக்கார துரையின் பங்களாவில் கதவே இல்லை.

"கிழங்கு ஏத்தி முடிச்சதும் ஹாரன் அடிப்பேன்மா," என்றார் சுப்பிரமணியம். "உடனே வந்துரணும். இருட்டுறதுக்குள்ள கீழ செக் போஸ்ட தாண்டலன்னா என்னைக் கட்டி வச்சு அடிப்பான்."

"அடுத்த லாரி எப்பண்ணே?"

"கரி கிடைச்சாத்தான்."

கூலிக்காரர் லயத்தில் வீடுகள் வரிசையாக இருந்தன. கோணிச் சாக்கைப் பாவாடையாகச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் குழாயடியில் நின்றாள். செல்லையா வீடு எது என்று ஐவி கேட்டதும், அவள் குடத்தை அப்படியே வைத்துவிட்டுக் கடைசி வீட்டைக் கையால் காட்டினாள்.

"வாசல்ல நின்னு பேசிட்டுப் போயிரு," என்றாள் மெதுவாக. "உள்ள போகாத."

கடைசி வீட்டுக்குப் பக்கத்து வீடும் அதற்கு அடுத்த வீடும் காலியாகக் கிடந்தன.

வேலாயி வாசலிலேயே காத்திருந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்து, பல நாள் தூங்காதவள் போலிருந்தாள். ஐவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"வந்துட்டியா தாயி. வா, வா. நீ வருவன்னு தெரியும்."

"மாமா எங்கக்கா?"

"உள்ளதான். எந்திரிக்க மாட்டாரு. நீதான் போய்ப் பேசணும்."

உள்ளறையின் ஜன்னலில் பலகை அறைந்திருந்தது. கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. நனைந்த சாக்கு, அழுகிய மூங்கில், கூடவே சீழ்ப் புண்ணின் வாடை. ஓர் ஆளிடமிருந்து இவ்வளவு வாடை வருமா என்று நினைத்துக்கொண்டே ஐவி உள்ளே கால் வைத்தாள்.

அறையில் ஒரு சாமானும் இல்லை. வெறும் சிமெண்டுத் தரை. இவ்வளவு இடம் இருந்தும் செல்லையா மூலையில், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, முழங்காலைத் தாடைவரை மடக்கிப் படுத்திருந்தான். நெரிசலான ரயில் பெட்டியில் இடம் கிடைக்காதவன் படுப்பதுபோல.

"அங்க மிதிக்காத," என்றான். "ஆளு இருக்கு."

ஐவி காலை இழுத்துக்கொண்டாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"அக்கா? கதவத் திறங்கக்கா."

"கோவிச்சுக்காத தாயி." வேலாயியின் குரல் கதவுக்கு மறுபக்கம் தரையோரத்திலிருந்து வந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள் போலிருந்தது. "பிள்ளைங்கள திரிங்காப்புக்கு என் தங்கச்சிகிட்ட அனுப்பிட்டேன். ராத்திரி பகல்னு இல்ல, முனகல் சத்தம். உங்கப்பாவ நீ கூட்டிட்டுப் போயிரு. ஒரு ஆளு குறைஞ்சாலும் என் புருசன் கால நீட்டிப் படுப்பாரு."

பலகை இடுக்கில் வந்த கொஞ்சம் வெளிச்சத்தில் செல்லையாவின் கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு இடமும் வலமுமாக, தோள் உயரத்தில் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா, எங்கப்பா இருக்காரா?"

அவன் முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"அங்க தினமும் செத்தாங்கம்மா. வாந்தி பேதி. கால்ல புண்ணு. மழை. காலையில பேசினவன் மத்தியானம் இருக்க மாட்டான். கண்ண மூடப் போற நேரத்துல ஒவ்வொருத்தனும் என் கையப் புடிச்சுக்குவான். செல்லையா, என்னையும் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருன்னு. சாகப் போறவன்கிட்ட எப்படி மாட்டேன்னு சொல்றது? சரி, வா போலாம்னேன். எல்லார்கிட்டயும் சொன்னேன்."

விரலால் அறையைச் சுற்றிக் காட்டினான்.

"வந்துட்டாங்க."

அறையில் ஏதோ நகர்ந்தது. பலபேர் உட்கார்ந்த இடத்திலேயே ஒதுங்கி, ஒருவருக்கு வழி விடுவதுபோல ஈரச் சாக்குகள் உரசும் சத்தம்.

சத்தம் அவளை நோக்கி வந்தது.

ஐவி கதவில் முதுகைச் சாய்த்தாள். பின்னால் போக இடமில்லை. பக்கவாட்டில் கையை நீட்டினாள். ஈரமான எதுவோ விரலில் பட்டது. கையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்த வெறும் அறையில் இப்போது கையை நீட்டவும் இடமில்லை. மூச்சை இழுத்தால் யாரோ விட்ட மூச்சுதான் உள்ளே வந்தது.

"எங்கப்பா செத்துட்டாரா மாமா?"

"உன் முன்னாலதான் நிக்கிறாரு."

அவள் தலைமேல் ஒரு கை விழுந்தது.

ஐஸ் போலக் குளிர்ந்த கை. ஐவி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கை நெற்றிவரை இறங்கி, அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ராத்திரி ஜெபம் முடிந்ததும் அப்பா போடுவாரே, அப்படியே ஒரு சிலுவை போட்டது. கட்டை விரலால்தான் போட்டது. தண்டவாளத்துக்கும் கட்டைக்கும் நடுவில் சிக்கி நகக்கணுவோடு போன கட்டை விரல். அந்த மொட்டை நுனியை அவளுக்கு உலகத்தில் எங்கே பட்டாலும் தெரியும்.

பயம் போய்விடவில்லை. ஆனால் அதற்குள் அழுகை வந்துவிட்டது.

வெளியே எங்கோ தூரத்தில் ஹாரன் அடித்தது.

"அக்கா, லாரி போயிரும்."

"கூப்பிடு தாயி. கூப்பிட்டாத்தான் அவங்களால கிளம்ப முடியும். கூப்பிட்டுட்டன்னா நானே கதவத் திறக்கிறேன்."

ஹாரன் மறுபடியும் அடித்தது. இஞ்சின் உறுமும் சத்தமும் சேர்ந்து வந்தது. இந்த அறையில், இந்த நெரிசலில், அடுத்த லாரி வரும்வரை நிற்பதை ஐவி நினைத்துப் பார்த்தாள். அம்மாவை நினைத்துப் பார்த்தாள். முழங்காலை மடக்கிக் கிடக்கிறவனைப் பார்த்தாள். இப்படியே அப்பாவும் இந்தத் தரையில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார், யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று.

"வாங்க," என்றாள். "வீட்டுக்குப் போலாம்."

உரசல் சத்தம் சட்டென்று நின்றது.

பிறகு காற்று அவளைக் கடந்து போனது. ஜன்னலும் அடைத்து, கதவும் அடைத்த அறையில், அவள் தோளை இடித்துக்கொண்டு, சேலையை இழுத்துக்கொண்டு, போய்க்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. தாழ்ப்பாள் திறந்தபோது அறையில் வாடையே இல்லை.

செல்லையா இரண்டு காலையும் நீட்டினான். கையை அகல விரித்தான். அவன் விரல் எங்கும் எதிலும் இடிக்கவில்லை. மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தவன், திடீரென்று தலையைத் தூக்கினான்.

"பேரச் சொல்லித்தானம்மா கூப்பிட்ட?"

"அப்பா பேர எப்படி மாமா சொல்றது? வாங்கன்னுதான் சொன்னேன்."

செல்லையா வேலாயியைப் பார்த்தான். வேலாயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். காலியாகக் கிடந்த அறையை எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்தது சந்தோஷமா, பயமா என்று ஐவியால் சொல்ல முடியவில்லை.

"ஓடு தாயி," என்று ஐவியின் முதுகில் கையை வைத்து வாசலுக்குத் தள்ளினாள். "லாரி போயிரும், ஓடு."

படி இறங்கிய மறுநிமிஷம் வாசல் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே கனமாக எதையோ இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுப்பது கேட்டது.

லாரி நகர ஆரம்பித்திருந்தது. ஓடிப்போய் ஏறினாள். சுப்பிரமணியம் மலை இறங்கும்போது பாதி வழியில்தான் பேசினார்.

"கிழங்கு பாதிதான் ஏத்தினான். ஆனா பாரம் இப்படித் தள்ளுதே. பிரேக்கு நிக்க மாட்டேங்குது."

செக் போஸ்டில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. இருவரும் இறங்கிப் போய்க் குனிந்து வணங்கினார்கள். சோல்ஜர் ஒருவன், சின்ன வயசுக்காரன், அவர்களைத் தாண்டி லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக் கத்தினான். மறுபடியும் கத்தினான். துப்பாக்கியை அந்தப் பக்கம் நீட்டினான்.

அடிக்கடி வந்துபோகிறதால் சுப்பிரமணியத்துக்கு நாலு வார்த்தை ஜப்பான் பாஷை தெரியும். அவர் திரும்பிப் பார்த்தார். கிழங்கு மூட்டைகள் மட்டும்தான் இருந்தன. முகம் வெளுத்துப்போய் ஐவியிடம் மெதுவாகச் சொன்னார்.

"எல்லாரையும் இறங்கச் சொல்றான்."

"யாரண்ணே எல்லாரும்?"

"பின்னால இருக்கிற எல்லாரும் இறங்கி வந்து வணங்கணுமாம்."

சோல்ஜர் கையை ஓங்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் போனான். பலகையில் காலை வைத்து ஏறி உள்ளே பார்த்தான்.

ஓங்கிய கையை மெதுவாக இறக்கினான். காலைப் பின்னுக்கு வைத்து இறங்கினான். அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. லாரிக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்துபோய், தடுப்புக் கட்டையைத் தானே தூக்கிவிட்டான்.

லாரி கீழே இறங்கியது. சுப்பிரமணியம் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ஐவி கண்ணை மூடிக்கொண்டாள். கதவின் கைப்பிடியைத் தேடிய விரல், அதற்கு முன் வேறு எதிலோ பட்டது. கையை இழுத்துக்கொண்டாள்.

"அப்பா," என்றாள், டிரைவருக்குக் கேட்காமல். "நீங்க மட்டும் போதும்ப்பா."

தலைக்குப் பின்னால் சின்ன ஜன்னல் திறந்திருந்தது. அதன் வழியாக ஈரச் சாக்கு வாடை வந்தது. யாரோ முன்னால் குனிந்து, அவள் காதருகே, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்கள்.

"வீடு இன்னும் தூரமாம்மா?"

அது அவள் அப்பாவின் குரல் இல்லை.