எவர்சில்வர் குழாயில் இல்லாத கைரேகை

காலை 8.05. வண்டி செத்துப் போயிருந்தது. அதுவும் ஓடிக்கொண்டே.

நேற்று மாலை திறன் அளக்கும் டைனோ உருளையின் மேல் நாற்பத்தொரு குதிரைத்திறன் காட்டிய பந்தய பைக், இன்று முப்பத்து மூன்றிலேயே மூச்சு வாங்கியது. தகுதிச் சுற்று பத்து மணிக்கு. அணி மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பட்டறைக்காரியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தபோது முகத்தில் கொஞ்சமாவது மரியாதை இருந்தது.

பட்டறை அவளுடையது. சைலன்சர் குழாய் அமைப்பதில் கைதேர்ந்தவள். பைக்கை ஓட்டுபவன் அவள் தம்பி. இரண்டு மாதத்துக்கு முன் பயிற்சியில் விழுந்து, எலும்பு முறியாமல் எழுந்து வந்தவன். அதற்குப் பிறகு சுற்று நேரம் கூடிக்கொண்டே போனது. குழாயின் நீளம்தான் சரியில்லை என்று நினைத்து அவள் பதினோரு குழாய்களை வெட்டி, பற்றவைத்துப் பார்த்துவிட்டாள். பதினோராவதும் சொதப்பினால் வண்டி வேறு பட்டறைக்குப் போகும் என்று மேலாளர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

எரிபொருளைப் பார்க்கலாம் என்றான் தம்பி. குழாயைக் கழற்ற நேரமில்லை என்றான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திரையில் நேற்றைய திறன் கோடும் இன்றைய கோடும் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று வரை ஒன்றாகவே ஏறின. அதற்கு மேல்தான் இன்றைய கோடு படுத்துவிட்டது.

"அடியில நல்லா மூச்சு விடுது. மேல போனாத்தான் தொண்டை அடைக்குது. புகை போற வழியில ஏதோ இருக்கு," என்று ஸ்பேனரை எடுத்தாள்.

8.20. இன்ஜினிலிருந்து குழாய் புறப்படும் வாயில், அளவெடுத்துக் கடைந்த ஓர் இரும்பு வளையம் இருந்தது. குறைந்த வேகத்தில் அதனால் தொல்லையில்லை. வேகம் கூடக்கூடப் புகை வெளியேற வழி போதாது.

பந்தயத் திடலின் பரிசோதகர் அதுவரை ஒரு மூலையில் நின்று தன் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. வண்டிகளிடம் பேசுவதைவிடக் குறைவாகவே மனிதர்களிடம் பேசுவார். வளையத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்பதரைக்குள் ஆளைச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். காப்பி வருமா என்று கேட்பதுபோல் அதைச் சொன்னார்.

சாவி மூன்று பேரிடம். நேற்று மாலை ஆறு மணிக்கு அக்கா கடைசி ஓட்டம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். பட்டறையில் வேலை பார்க்கும் வெல்டர் ஏழு மணிக்குப் பூட்டினார். தம்பி இன்று காலை ஆறு மணிக்கே வண்டி கழுவ வந்தான். மூவரில் யார் வேண்டுமானாலும் தனியாக உள்ளே வந்திருக்கலாம்.

குழாயை ஒட்டிய தகரக் கவசத்தில் கிரீஸ் விரல் தடங்கள் அப்பிக் கிடந்தன. போல்ட்டுகளிலும் அப்படியே. குழாய் மட்டும் பளபளத்தது. துடைத்துவிட்டுப் போயிருக்கிறான், கெட்டிக்காரன் என்றார் மேலாளர்.

சுவரில் பத்தாவது குழாய் தொங்கியது. அதன் நடுவில் ஒரு பழுப்புக் கறை. என்ன இது என்று பரிசோதகர் கேட்டார்.

"என் கையுறைதான் மேடம்," என்றார் வெல்டர். "துடைக்காம ஓட்டிட்டேன். பிசுக்கு சூட்டுல வெந்து ஒட்டிக்கிச்சு. இனிமே போகாது. அக்கா இன்னும் திட்டுறாங்க."

8.50. குழாய் ஆறியிருந்தது. பரிசோதகர் அதை வெறுங்கையால் எடுத்துப் புரட்டிப் பார்த்து, வெல்டரிடம் மாட்டச் சொன்னார். அவர் அப்படியே வாங்கிப் பொருத்தினார். பரிசோதகர் எதையோ மறந்ததுபோல் கழற்றச் சொல்லி, மறுபடி நன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் நீட்டினார். அவன் துணியைத் தின்னரில் நனைத்துக் குழாயை ஒரு முறை முழுக்கத் துடைத்துவிட்டுப் பொருத்தினான்.

"போதும்," என்றார் பரிசோதகர். "வளையத்த வெச்சது நீங்கதான் தம்பி."

காரணத்தையும் அவரே சொன்னார். ரேகையை மறைக்கத் துடைப்பவன் கவசத்தையும் போல்ட்டையும் விட்டுவைக்க மாட்டான். குழாயை மட்டும் துடைத்தது பயத்தால் அல்ல, பழக்கத்தால். காலை ஓட்டத்துக்கு முன் துடைக்காமல் விட்டிருந்தால் கறை வெந்து பதிந்திருக்கும். நாசவேலை செய்யும்போதுகூட அக்காவின் குழாய் கறைபடக் கை விடவில்லை. வெல்டர் இரண்டாம் முறையும் துடைக்கவில்லை. அக்காவுக்குப் பழக்கம் உண்டு. ஆனால் வளையத்தை வைத்தது அவளாக இருந்தால், வேண்டாம் என்று தடுத்தும் குழாயைக் கழற்றியிருக்க மாட்டாள். தடுத்தது யார்?

பரிசோதகர் தன் கோப்பிலிருந்து, அணி இதுவரை கேட்டு வாங்காத பயிற்சிப் பதிவுகளை எடுத்தார். விழுந்த நாளிலிருந்து மூன்றாவது வளைவில் ஆக்சிலேட்டர் பாதிகூடத் திறக்கவில்லை. இன்றைய சுற்றின் பதிவை அணி முழுக்கப் பார்க்கும். குழாய் அடைத்திருந்தால் முழுசாகத் திருகினாலும் வண்டி மெதுவாகத்தான் போகும். பழி வண்டிமேல் போகும்.

"அந்த வளைவு வந்தாலே கை தானா இறங்குதுக்கா," என்றான் தம்பி தரையைப் பார்த்தபடி. "எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அக்காவுக்குக் கோபம் பொங்கியது. அதைவிட மனசு வலித்தது.

"பதினோரு பைப்பு வெட்டினேன்டா. என் கணக்குதான் தப்புன்னு தூக்கமில்லாம வெட்டினேன். பக்கத்துலயே நின்னு பிடிச்சுக் கொடுத்தியே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

கண் கலங்கியதை அவன் மறைக்கவில்லை.

9.25. வளையம் இல்லாமல் வண்டி மறுபடி உருளையில் ஏறியது. நாற்பத்தொன்று. பட்டறை மேல் குற்றமில்லை என்று பரிசோதகர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். யார் ஓட்டுவது என்பது அணியின் விஷயம் என்று சொல்லிப் பேனாவை மூடினார்.

மேலாளருக்கு நாற்பத்தொன்றைக் கண்டதும் மற்றதெல்லாம் மறந்துவிட்டது. நடந்தது நடந்துபோச்சு, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஏறு என்று தம்பியை அவசரப்படுத்தினார். தம்பி தலைக்கவசத்தை எடுத்தான். மாட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அக்கா அதை அவன் கையிலிருந்து வாங்கி மேலாளரிடம் கொடுத்தாள்.

"வண்டி நல்லா ஓடும் சார். ஓட்ட வேற ஆளக் கூப்பிடுங்க. என் தம்பிக்குப் பயமா இருக்கு."