இதிரின் வலது கை

என் தம்பி இதிர், மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துப் பழைய சந்து ஒன்றில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், ஆவியில் வேகவைத்த கோதுமை ரவைக் குஸ்குஸ் சாப்பிட வரச் சொன்னான். போனால் கூடமெங்கும் குஸ்குஸ் இறைந்திருந்தது. நடுவில் அவன் கிடந்தான்.

"வலிப்பு இப்பதான் நின்னுது, இத்தோ அக்கா" என்றாள் அவன் மனைவி தூதா.

பதினாறு வருடமாக நரம்பு வார்டில் நர்ஸாக இருக்கிறேன். எச்சில், வாந்தி, மூத்திரம் எல்லாம் கை கழுவினால் போய்விடும் சங்கதிகள். ஆனால் அங்கே அடித்தது வேறு நாற்றம். மூடி வைத்த இறைச்சிப் பானையை ஒரு வாரம் கழித்துத் திறந்தது போல இருந்தது.

அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வலது கை தோளிலிருந்து துவண்டு விழுந்தது. எதிர்பார்த்ததுதான். வலிப்பை அடக்க மூளை தன்னையே மயக்கும் சாறுகளைச் சுரக்கும். களைத்த நரம்புகள் தேறும்வரை ஒரு பக்கம் செத்தது போலக் கிடக்கும். சில மணி நேரம், மிஞ்சினால் இரண்டு நாள். ஆனாலும் அவன் நாவிதன். அந்தக் கை வராவிட்டால் கத்தி பிடிக்க முடியாது, வேறு தொழிலும் தெரியாது.

துவண்ட கையின் விரல்கள் மட்டும் இறுக மூடியிருந்தன.

அப்படி இருக்கக் கூடாது.

"உள்ள என்னடி?"

"சாவி. வலிப்பு வந்தா கையில இரும்பு கொடுக்கணும்ல?"

எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன், கேட்டால்தானே!

"உங்க வீட்டுச் சாவிதானே?"

"அது சின்னத் தகரம். அதான் கக்கூஸ் மாடத்துல கிடந்த பழைய சாவிய எடுத்தேன். வீட்டுக்கார அம்மா தொடாதேன்னாங்க. முன்னாடி இருந்தவருக்கும் இதே சீக்காம்." குரலைத் தாழ்த்தினாள். "செத்து மூணு நாள் கழிச்சுத்தான் பாத்தாங்களாம். குளிப்பாட்ட வந்தவங்க விரல உடைச்சு எடுத்த சாவியாம்."

"அறிவிருக்கா உனக்கு? பொணத்துக் கையில இருந்தத இவன் கையில திணிச்சிருக்க! கழுவவாவது செஞ்சியா?"

"பயத்துல ஒண்ணுமே தோணலக்கா."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சாவியில் கறுத்த பசை. அதில் உலர்ந்த தோல் ஒட்டியிருந்தது. நான் பிரித்த ஒவ்வொரு விரலும் என் விரலை ஒருமுறை மெதுவாகத் தடவிவிட்டுத்தான் விழுந்தது.

சாவியைத் துணியில் சுற்றிச் சாக்கடையில் எறிந்தேன். வாசலிலேயே வாந்தி எடுத்தேன். அன்றும் மறுநாளும் எதைத் தின்றாலும் குமட்டியது. கையோ அசையவே இல்லை. எங்கள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பொறுத்திருங்கள் என்றார்.

மூன்றாம் நாள் காலை தூதா போனில் கத்தினாள். "அக்கா, கை வந்துடுச்சு! விரல் அசையுது!"

ஓடினேன். இதிர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் வலது கை விரிந்து மடங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எதுக்குக்கா அழுற, கோவக்காரி? அடுத்த வாரம் கடையத் தொறந்துருவேன்."

"இரு, உணர்ச்சியும் வந்திருக்கான்னு பாக்கணும். கண்ண மூடு. நான் உன் கையத் தொட்டதும் சொல்லு."

சமர்த்தாக மூடிக்கொண்டான். நான் விரலை நீட்டினேன்.

பாதி வழியிலேயே அந்தக் கை எழுந்து வந்து என் கையைப் பிடித்தது.

சில்லென்று, பிசுபிசுவென்று.

என் விரல்களுக்கு இடையில் நுழைந்தது. நகத்தால் என் உள்ளங்கையைச் சுரண்டியது. ஒவ்வொரு விரலாக வருடிப் பார்த்தது, எத்தனை என்று எண்ணுவதைப் போல. அருவருப்பில் உடம்பெல்லாம் கூசியது. இழுத்தேன். விடவில்லை.

இதிர் கண்ணை மூடியபடி சிரித்துக்கொண்டே இருந்தான்.

"என்னக்கா இவ்வளவு நேரம்? சீக்கிரம் தொடு."