அட்டை ஊரில் ஒரு மோட்டல்

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு சின்ன ஊர். அங்கே நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஊரையே அட்டையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு வீடு, அவரவர் வீடு மாதிரியே. கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டி, பால் டப்பா, ஐஸ் குச்சி, எதில் செய்தாலும் சரி என்று ஹோல்கம் டீச்சர் சொல்லியிருந்தார்.

ஐரிஸ் கட்டிய வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நிஜ வீடும் அப்படித்தான் என்று சொல்லிச் சமாளித்தாள்.

புதிதாகச் சேர்ந்த ரெனாட்டா மட்டும் மூன்று நாளாக வெறுங்கையோடு வந்தாள். கேட்டால், மறந்துவிட்டது என்றாள். வெள்ளிக்கிழமை பெற்றோர்கள் பார்க்க வருகிறார்கள்.

"உனக்கு வீடே இல்லையா?" என்று டுவைட் கேட்டான். ரெனாட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐரிஸுக்குக் காரணம் தெரியும். இருவருக்கும் ஒரே பள்ளிப் பேருந்து. நெடுஞ்சாலை ஓரத்தில் பயணிகள் தங்கும் மோட்டல் வாசலில்தான் ரெனாட்டா தினமும் ஏறுவாள். அம்மாவோடும் தம்பியோடும் அங்கே ஓர் அறையில் இருந்தாள்.

அதை எல்லார் முன்னாலும் சொல்ல ஐரிஸுக்கு மனம் வரவில்லை. யோசித்து யோசித்து, கடைசியில் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், நம்ம அட்டை ஊர்ல வெறும் வீடுதான் இருக்கு. வெளியூர்க்காரங்க வந்தா எங்க தங்குவாங்க? நான் ஒரு மோட்டல் செய்யறேன். ஆனா அது எப்படி இருக்கும்னு சரியாத் தெரியாது."

யாருக்காவது தெரியுமா என்று டீச்சர் கேட்டார். ரெனாட்டாவின் கை பாதி உயர்ந்தது.

"எனக்குத் தெரியும். மாடிப்படி வெளியில இருக்கும். தங்கறவங்க ஐஸ் கட்டி எடுத்துக்க ஒரு ஐஸ் மெஷின் இருக்கும், அது ராத்திரி பூரா உறுமும். அதுக்குச் சளி பிடிச்சிருக்குன்னு என் தம்பி சொல்லுவான்."

வகுப்பே சிரித்தது. ஐஸ் மெஷினை நான் செய்கிறேன் என்று டுவைட் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். ரெனாட்டா அவனிடம் ஒரு காலித் தீப்பெட்டியைக் கொடுத்தாள்.

கைவேலையில் ரெனாட்டா கெட்டிக்காரி. மோட்டலின் பன்னிரண்டு அறைக் கதவுகளையும் திறந்து மூடும்படி வெட்டினாள். ஐரிஸ் தலைகீழாக ஒட்டிய கதவைச் சத்தமில்லாமல் பிரித்து, நேராக ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை கூட்டமெல்லாம் மோட்டலைச் சுற்றித்தான். டுவைட்டின் அம்மா ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார். ஒன்பதாம் அறையில் மட்டும் மஞ்சள் திரை தொங்கியது. உள்ளே ஒரு குட்டிக் கட்டில், மூன்று தலையணைகள்.

"இது யாரோட ரூம்?" என்று கேட்டார்.

ரெனாட்டா ஐரிஸைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நின்றாள்.

"எங்களோடது. கதவை மெதுவா மூடுங்க. தம்பி தூங்கறான்."