புளோரன்ஸில் காணாமற்போன பவுண்

ஞாயிறு மாலை 6:20. டென்மார்க்கின் இஷொய், மூன்றாம் மாடி வீடு.

இத்தாலிச் சுற்றுலா முடிந்து வந்ததும் கைப்பையைக் கட்டிலில் கொட்டிய செல்வமலர் அலறினாள். மகள் சாரங்காவின் பொன்னுருக்குக்காகக் கோயிலில் வைத்துப் பூசை செய்த தங்கப் பவுணைக் காணவில்லை. வெள்ளிக்கிழமை அதை உருக்கித்தான் தாலி செய்ய வேண்டும். வீட்டில் வைத்தால் கள்ளர் எடுத்துவிடுவார்கள் என்று இத்தாலிக்கே சுமந்துபோன புத்திசாலி அவள்.

கூடப் போனவர்கள் இருவர்தான்: கணவர் சிறீஸ்கந்தராசா, தோழி வினோதா. இருவரும் பயணப் பெட்டிகளோடு அங்கேயே நின்றார்கள். வினோதாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. கள்ளி என்று ஒருமுறை பெயர் விழுந்தால் வேலையும் போகும், மானமும் போகும்.

6:50. கீழ்வீட்டுக் கஜந்தி வந்தாள். கோப்பன்ஹேகனில் ஓர் ஓவியக்கூடத்தில் பார்வையாளர்களின் பைகளை வாங்கி வைப்பவள். இலேசில் யாரையும் நம்பமாட்டாள்.

“கடைசியாய் எப்ப கண்டனீங்கள், அக்கா?”

“நேற்றுக் காலமை, புளோரன்ஸிலை, ஓவியக்கூட வாசலிலை. என்ர பையையும் இவரின்ர நீட்டுக் குடையையும் வாங்கி வைச்சிட்டு ஒரு இலக்கத் துண்டு தந்தவங்கள்.”

“துண்டு ஆரிட்டை?”

“இவரிட்டை. வெளிக்கிடேக்கை வினோதாட்டைக் குடுத்தவர். அவள்தான் போய்ப் பையை எடுத்தவள்.”

எல்லாருடைய கண்ணும் வினோதாமேல் திரும்பியது.

“நான் பையைத் திறக்கவே இல்லை.” என்றாள் வினோதா.

“நீங்கள், அண்ணை?”

“நான் தனிய மேலை, சிப்பியிலை நிக்கிற வீனஸ் படத்தடியிலை. ரெண்டு மணித்தியாலம் கீழை இறங்கவே இல்லை.”

கஜந்தி செல்வமலரின் கைபேசியை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒன்றில் விரல் நின்றது.

“இது எப்ப எடுத்தது?”

“வினோதா பை எடுக்க வரிசையிலை நிண்டநேரம். இவர் வாசலிலை சும்மா நிண்டவர், எடுத்தனான்.”

படத்தில் சிறீஸ்கந்தராசா சிரித்துக்கொண்டு நின்றார். கக்கத்தில் நீட்டுக் குடை.

“நீட்டுக் குடையை எந்த ஓவியக்கூடத்திலையும் உள்ளுக்கு விடமாட்டம்,” என்றாள் கஜந்தி. “அது பையோடைதான் இருந்திருக்கும். வினோதா இன்னும் வரிசையிலை. அப்ப குடை எப்பிடி வெளியிலை வந்தது? துண்டைக் காட்டிக் குடையை மட்டும் கேட்டாலும் நாங்கள் பையையும் சேத்துத்தான் முன்னுக்கு வைப்பம். திறந்து ஒரு பவுணை எடுக்க அரை நிமிசம் காணும்; பையை விட்டிட்டுப் போனால் துண்டையும் திருப்பித் தருவம். துண்டு உங்களிட்டைத்தானே இருந்தது, அண்ணை?”

7:15. சிறீஸ்கந்தராசா கோட்டுப் பையிலிருந்து பவுணை எடுத்து மேசையில் வைத்தார்.

“டெனிஷ் மாப்பிளை வேண்டாமெண்டு எத்தினைதரம் சொன்னனான்? பவுண் துலைஞ்சால் சகுனம் சரியில்லையெண்டு நீ கலியாணத்தை நிப்பாட்டுவாய் எண்டு நினைச்சன்.”

செல்வமலர் அழுதபடி வினோதாவின் கையைப் பிடித்தாள். “குறை நினையாதை வினோதா. பொன்னுருக்குக்கு நீதான் முன்னுக்கு நிக்கோணும்.”

வினோதா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

“சாரங்காவுக்காக வருவன். ஆனா அக்கா, உங்களோடை வந்தது நாங்கள் ரெண்டு பேர். கஜந்தி வரமுந்தி நீங்கள் என்ர சூட்கேசை மட்டும்தான் திறந்து பாத்தனீங்கள்.”