அம்மா கையில் சங்கு

மேளச் சத்தம் சட்டென்று நின்றுவிட்டது.

பாகீரதி தம்பிக்குத் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். அவள் கையும் அப்படியே நின்றது. அவர்கள் திருவனந்தபுரத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து, விளக்கு வைத்தால் போதும், பத்மநாபசுவாமி கோவில் பக்கமிருந்து மேளம் கேட்க ஆரம்பித்துவிடும். ஐப்பசித் திருவிழா என்று அப்பா சொல்லியிருந்தார். தூங்கப் போகும்வரை ஓயாது. இன்றைக்கு ஏன் பாதியில் நின்றது?

மேளம் மட்டுமா? தெருவே ஊமையாகிவிட்டது. எதிர்வீட்டில் ஒரு கைக்குழந்தை உண்டு. அழ ஆரம்பித்தால் ஊரைக் கூட்டிவிடும். அதன் குரலைக்கூடக் காணோம்.

"அக்கா, ஏன் யாருமே பேசலை?" என்றான் கல்யாணராமன். அவனுக்கு ஐந்து வயது. சோறு இல்லாமல்கூட இருந்துவிடுவான், கேள்வி கேட்காமல் இருக்கமாட்டான்.

அடுப்படியில் இருந்த அம்மா சீதாலக்ஷ்மி கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"பாகீ, வாசக்கதவைச் சாத்து. சத்தம் வராம தாழ்ப்பாள் போடு."

"எண்ணெய் வாங்கப் போன அப்பா இன்னும் வரலையேம்மா."

"சாத்துடீ!"

வலதுகையில் சாத உருண்டை இருந்ததால், பாகீரதி இடதுகையால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை மெல்ல இழுத்துவிட்டாள். அவளுக்கும் அந்தப் பழைய நாள் ஞாபகம் வந்துவிட்டது.

கல்கத்தாவில் அவர்கள் இருந்த தெருவும் ஒருநாள் சாயங்காலம் இப்படித்தான் ஓசையடங்கிப் போனது. டிராம் வண்டி நின்றது. கடைக்காரர்கள் பாதி வியாபாரத்தில் கதவை இழுத்து மூடினார்கள். கொஞ்ச நேரத்தில் கம்பும் கத்தியுமாக ஒரு கூட்டம் வந்தது. அன்றைக்கு அப்பா ஆபீசிலிருந்து வீடு திரும்பவில்லை. மறுநாள் மாலைதான், தலையில் கட்டோடு வந்தார். அதற்குப் பிறகு அம்மா ஒரு ராத்திரிகூட நிம்மதியாகத் தூங்கவில்லை. அம்மாவுக்காகத்தான் அப்பா நாட்டின் இந்தக் கோடியில் ஒரு வேலை தேடி எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இங்கேயும் வந்துடுத்து," என்று அம்மா முணுமுணுத்தாள். "எங்கே போனாலும் கூடவே வரது."

அப்போது தெருக்கோடியிலிருந்து காலடிச் சத்தம் கேட்டது. ஒரு கால், இரண்டு கால் இல்லை. நூற்றுக்கணக்கான கால்கள். மண்ணில் சரசரவென்று நடந்து வந்தன. ஆனால் ஒருவர்கூடப் பேசவில்லை.

பாகீரதி ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். தீவட்டி வெளிச்சத்தில் எதுவோ பளபளத்தது.

வாள்!

அதன் பின்னால் இன்னொரு வாள். அதன் பின்னால் இன்னும் பல.

அம்மாவும் அவள் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். "சங்கு எங்கே? பூஜைச் சங்கு எங்கே வெச்சேன்?" என்று உள்ளே ஓடினாள்.

எதற்குச் சங்கு என்று பாகீரதிக்குத் தெரியும். கல்கத்தாவில் பக்கத்துவீட்டு வங்காளி அம்மாக்கள் சொல்லிக் கொடுத்தது. ஆபத்து வந்தால் சங்கை ஊத வேண்டும். அதைக் கேட்டு அடுத்த வீட்டில் ஊதுவார்கள். அதைக் கேட்டு அதற்கும் அடுத்த வீட்டில். உதவிக்கு ஆட்கள் ஓடி வருவார்கள். வெளியே போனவர்கள் அந்தத் தெருப்பக்கம் வராமல் தப்பித்துக்கொள்வார்கள்.

அப்பாவும் இப்போது வெளியேதான் இருந்தார்.

'அப்பா தெருவில் எங்காவது தெரிகிறாரா?' பாகீரதிக்கு மறுபடி பார்க்கவே பயமாக இருந்தது. கல்யாணராமன் வேறு அவள் பாவாடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

எதிர்வீட்டு வாசலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அங்கே விஜயலக்ஷ்மி நின்றுகொண்டிருந்தாள். பாகீரதியின் வயதுதான் அவளுக்கு. பக்கத்தில் அவளுடைய அப்பா, அம்மா. அப்பாவின் தோளில் அந்தக் கைக்குழந்தை.

பாகீரதிக்கு ஆச்சரியமாக இருந்தது. கல்கத்தாவில் கலவரத்தன்று எல்லாரும் முதலில் குழந்தைகளைத்தான் ஒளித்தார்கள். இவர்கள் என்னவென்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார்களே! பயப்படுகிறவர்கள் அப்படி நிற்பார்களா?

அவள் இன்னும் கூர்ந்து பார்த்தாள். வாள் பிடித்தவர்கள் யாரையும் விரட்டவில்லை. குனிந்த தலையோடு நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், பூமாலைகளுக்கு நடுவே, சாமியைத் தோளில் சுமந்து வந்தார்கள். வாசலில் நின்ற எல்லாரும் கைகூப்பினார்கள். அப்போதும் ஒரு சின்னச் சத்தம் இல்லை. ஜன்னலில் பாகீரதியின் கண்ணைப் பார்த்துவிட்ட விஜயலக்ஷ்மி, உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

பாகீரதிக்குப் பாதி புரிந்தது. சாமி போகிறது. சாமி போகும்போது யாரும் சத்தம் போடக்கூடாது. ஏன் என்று தெரியாது. ஆனால் ஊரே வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

ஐயோ, அம்மா!

திரும்பினாள். அம்மா முற்றத்தில் நின்று, சங்கை வாயில் வைத்துக் கன்னத்தை உப்பிக்கொண்டிருந்தாள்.

'அம்மா, ஊதாதே' என்று கத்தவும் முடியாது. கத்தினால் அதுவே தெருவெல்லாம் கேட்கும். கல்யாணராமன் "அக்..." என்று அழ வாயைத் திறந்தான். பாகீரதி கையிலிருந்த சாத உருண்டையை அந்த வாயில் அடைத்தாள். ஒரே பாய்ச்சலில் முற்றத்துக்குப் போய், அதே கையைச் சங்கின் திறந்த பக்கத்தில் திணித்தாள்.

சங்கிலிருந்து 'புஸ்' என்று காற்றுதான் வந்தது.

அம்மா திகைத்துப் போனாள். சங்கைப் பார்த்தாள். அதில் ஒட்டியிருந்த தயிர்சாதத்தைப் பார்த்தாள். அவ்வளவு பயத்திலும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. சாதம் பட்ட கை பத்து; அந்தக் கையால் பூஜைச் சங்கைத் தொடுவதாவது!

"பத்துக் கையோட..." என்று ஆரம்பித்தாள்.

பாகீரதி இன்னொரு கையால் அம்மாவின் வாயைப் பொத்தினாள். காதருகில் போய்க் கிசுகிசுத்தாள்.

"அம்மா, எதிராத்துக் குழந்தை வாசல்ல இருக்கு."

அம்மா அசையாமல் நின்றாள். அந்த ஒரு வரியை அவள் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது பாகீரதிக்குத் தெரிந்தது.

பாகீரதி அம்மாவின் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போனாள். அம்மாவின் விரல்கள் ஜில்லென்று இருந்தன. தாழ்ப்பாளில் கை வைத்தபோது பாகீரதிக்கே சந்தேகம் வந்துவிட்டது. 'நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால்? கதவைத் திறந்ததும் அவர்கள் உள்ளே வந்துவிட்டால்?' ஆனால் அம்மா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாகீரதி தாழ்ப்பாளை விலக்கினாள். கதவு திறந்தது.

யாரும் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாள்கள் கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போயின. சாமியின் மாலையிலிருந்து துளசி வாசனை வந்தது. அம்மா கைகூப்பினாள்.

சாமிக்குப் பின்னால் வந்த கூட்டத்தில், சட்டையில்லாமல், கையில் எண்ணெய்ப் புட்டியோடு ஒருவர் வந்தார்.

அப்பா!

வெயில் காலத்திலும் கோட்டுப் பொத்தானைக் கழற்றாத அப்பா! அவர் அவர்களைப் பார்த்தார். கண்கள் பெரிதாக விரிந்தன. பேச முடியாது, நிற்கவும் முடியாது. பின்னால் வந்தவர்கள் தள்ளத் தள்ள, அப்படியே நடந்து போய்விட்டார். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று பாகீரதிக்குத் தெரியவில்லை.

கூட்டம் மறைந்த பிறகும் தெருவில் ஒருவரும் பேசவில்லை. எல்லாரும் எதற்காகவோ காத்திருந்தார்கள்.

திடீரென்று தூரத்தில் சங்கு முழங்கியது. அம்மா பதறிப் பாகீரதியை இழுத்து அணைத்துக்கொண்டாள். அடுத்த நொடி மேளம், நாதஸ்வரம், ஜனங்களின் ஆரவாரம் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. தெருவே பேச ஆரம்பித்தது. எதிர்வீட்டுக் குழந்தை, அதுவரை அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அழுதது.

விஜயலக்ஷ்மி ஓடி வந்தாள். "பயந்துட்டியா? இன்னிக்குப் பள்ளிவேட்டையாக்கும்! ஸ்வாமி வேட்டைக்குப் போறச்சே ஆரும் மிண்டப்படாது. பேச்சுச் சத்தம் கேட்டா மிருகம் ஓடிப்போயிடுமே, கேட்டியா?"

"என்ன மிருகம்?" என்றான் கல்யாணராமன், சாதத்தை விழுங்கிவிட்டு.

"நெஜ மிருகம் இல்லைடா. ஒரு இளநீர் வெச்சிருப்பா. அதுமேல அம்பு விடுவா. விட்டதும் சங்கு ஊதுவா, அப்பறம் பேசலாம்."

"அந்த இளநீரை யார் குடிப்பா?"

விஜயலக்ஷ்மி யோசித்தாள். இத்தனை வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை.

அவளுடைய அம்மாவும் தெருவைத் தாண்டி வந்தாள். "தப்பு எங்க பேர்லதான் மாமி. எங்களுக்கெல்லாம் பிறந்ததுலேர்ந்து பழக்கம். புதுசா வந்தவாளுக்குச் சொல்லணும்னு தோணவே இல்லை."

கொஞ்ச நேரத்தில் அப்பா வந்து சேர்ந்தார். அவ்வளவுதான், அம்மா பிடித்துக்கொண்டாள்.

"எண்ணெய் வாங்கப் போனவருக்கு வேட்டை என்ன வேண்டிக்கிடக்கு? நாங்க இங்கே செத்துப் பிழைச்சோம்! சட்டை எங்கே?"

"கூட்டத்துல மாட்டிண்டுட்டேன், சீதா. யாரையாவது கேக்கலாம்னா ஒருத்தரும் வாயைத் திறக்கலை. ஸ்வாமிகூடப் போறவா சட்டை போடப்படாதாம், கழட்டுன்னு கையால காட்டினா. கழட்டினேன். எங்கே விழுந்ததோ! நீ உள்ளே பயந்து நடுங்கிண்டிருப்பியேன்னு தவிச்சுப் போயிட்டேன். உன்னை வாசல்ல பார்த்தப்பறந்தான் உசிரே வந்தது."

"நானா திறந்தேன்? உங்க பொண்ணு திறந்தா. தயிர்சாதக் கையோட!" அம்மா பாகீரதியின் தலையை வருடினாள். பிறகு மறுபடி அப்பாவிடம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

"மெதுவாப் பேசு, தெருவெல்லாம் கேக்கறது," என்றார் அப்பா.

"நன்னாக் கேக்கறது மாமி, நிறுத்தாதேங்கோ!" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது.

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பாகீரதி எழுந்து வாசல் கதவைச் சாத்தப் போனாள்.

"எதுக்குச் சாத்தறே?" என்றாள் அம்மா. "கொஞ்ச நேரம் திறந்தே இருக்கட்டும்."