அடியில் கிடந்த டைரக்டரி

“ஒம்போது வருஷமா நான் பாத்துக்கினு இருக்கற சர்வரும்மா இது! நேத்து வந்துட்டு நீ கை வைக்கிறியா?”

“நெரம்பிப் போச்சுங்க சார். யாரு வந்தா, யாரு போனான்னு பதியற லாக் டைரக்டரியில ஒரு வரி எழுத எடமில்ல. வுட்டா கேட்டுல அட்டெண்டன்ஸ் பஞ்ச்சே நின்னுடும்!”

காண்ட்ராக்ட் விஜயராஜும் பர்மனென்ட் இசைப்பிரியாவும் போட்ட சத்தம் சுரங்க ஆபீஸ் கேண்டீன் வரை வந்தது. காதில் விழாதது போல நாங்கள் டீ ஆற்றிக்கொண்டிருந்தோம். அவன் காத்துக்கிடந்த போஸ்ட், பரீட்சை எழுதி வந்த அவளுக்குப் போனது, வயிறு எரியாதா? ஆறு மாதத் தகுதிகாண் காலத்துக்குள் அவள் ஒரு தப்பு செய்தால் போதும், பட்டியலில் அடுத்த பெயர் இவனுடையது.

செய்தாள். பதினோரு மணிக்கு எல்லாவற்றையும் பெரிய டிஸ்க்குக்கு நகலெடுத்தவள், பழைய டைரக்டரியைக் காலி செய்யாமலே அதன்மேல் புதியதைப் பொருத்திவிட்டாள். பழையது அடியில் கண்ணுக்குத் தெரியாமல் அப்படியே கிடக்கும். மேலே இருப்பதைக் கழற்றினால் மெஷின் அந்த நிரம்பிய டைரக்டரியில் போய் விழும். பஞ்ச் நிற்கும், பழி அவளுக்கு.

அவள் சாப்பிடப் போனதும் விஜயராஜ் உட்கார்ந்தான். ஏசியின் உறுமலும், கதவிடுக்கில் எப்படியோ நுழைந்துவிடும் ஈர நிலக்கரி வாடையும் சூழ, எல்லாவற்றையும் நிறுத்தி, புது டிஸ்க்கைக் கழற்றி, பழைய லாக்கைத் திறந்தான். பதினோரு மணியோடு நின்றிருக்க வேண்டியது, ஒரு வரிக்கும் இடமில்லாதது, எழுதிக்கொண்டிருந்தது.

1:14. விஜயராஜ். மெயின் கேட். உள்ளே.

காலை எட்டுக்கே வந்தவன் அவன். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். கார்டு இருந்தது.

1:16. விஜயராஜ். வராந்தா. உள்ளே.

வராந்தாவில் பஞ்ச் மெஷினே கிடையாது.

1:17. விஜயராஜ். சர்வர் ரூம்.

ஏசி நின்றது. வாடை ஏறியது. திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. மானிட்டர் கண்ணாடியில், தோளுக்குப் பின்னால், இன்னொன்றாக அவன் முகமே. கழுத்தில் பர்மனென்ட்காரர்களின் நீலப் பட்டை. சிரிப்பு. சில்லென்ற கை ஒன்று அவன் கைமேல் படிந்தது. அவன் விரல்களாலேயே தட்டியது. புது டிஸ்க்கைத் திரும்ப மேலே பொருத்தியது.

இருட்டு.

அடுத்த மாதமே இசைப்பிரியா ராஜினாமா கொடுத்தாள். “அடியில இருக்கற பழைய லாக்கு நிமிஷத்துக்கு ஒரு வரி எழுதிக்கினே இருக்குங்கக்கா. விஜயராஜ், வெளியே. விஜயராஜ், வெளியே. ஆனா சார் எதிர்ல ஒக்காந்து டீ குடிக்கறாரு” என்று என்னிடம் சொன்னவள், கல்யாணம் கட்டிக்கொண்டு ஓசூர் போய்விட்டாள். அந்த போஸ்ட் விஜயராஜுக்கே கிடைத்தது, குவார்ட்டர்ஸும் கிடைத்தது, கம்மாபுரத்துப் பெண் செந்தாமரையை ஜாம்ஜாம் என்று கட்டினான். அவன் அம்மா பொன்னம்மாள்தான், அவன் தாலி கட்டி முடித்த கையோடு, “சோறு துன்றது எம் புள்ள இல்ல” என்று சொல்லிவிட்டு, காடாம்புலியூரில் தங்கச்சி வீட்டுக்குக் குடிபோய்விட்டாள்.